விரட்டாமல் விட்ட நீலச்சிறகிகள்

பறவை மீட்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் ஒரு மணி நேரம் பேசச் சொன்னார்கள். எனக்குப் பேசுவதைவிட எழுதுவது எளிது. பேசும்போது கேட்பவர்களின் முகத்தைப் பார்த்து, கடைசியில் கொஞ்சம் நம்பிக்கை சேர்த்து முடிக்கலாம் என்று தோன்றிவிடும். எழுதும்போது அந்தத் தொல்லை இல்லை.

எண்ணெய் பட்ட பறவையை எப்படிப் பிடிப்பது, தண்ணீர் எந்தச் சூட்டில் இருக்க வேண்டும், எத்தனை முறை அலச வேண்டும் என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. அதைத் திருப்பிச் சொல்ல மாட்டேன். கையேட்டில் இல்லாத ஒரு பகலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அன்று நாங்கள் சரியாகத்தான் முடிவெடுத்தோம். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். அதனால்தான் இதை எழுதுவது கடினமாக இருக்கிறது.

முதலில் பறவை. நீலச்சிறகி சிறிய வாத்து. கையில் எடுத்தால் ஒரு பெரிய மாம்பழத்தின் கனம்தான் இருக்கும். வடக்கே சைபீரியாவிலிருந்து மழைக்கு முன்பே வந்து, வெயில் ஏறத் தொடங்கும்போது திரும்பிவிடும். ஆணுக்கு வெள்ளைப் புருவம் பளிச்சென்று வருவது கிளம்பும் காலத்தில்தான். மழைக்காலத்தில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே சேற்று நிறம். பறக்கும்போது ஆணின் சிறகில் தெரியும் சாம்பல் கலந்த நீலம்தான் அடையாளம்.

இது முக்குளிக்காத வாத்து. தலையைத் தண்ணீருக்குள் விட்டு, வாலை மேலே தூக்கி, கழுத்து எட்டும் ஆழத்தில் கிடைப்பதைத் தின்னும். இல்லையென்றால் அலகை நீர்ப்பரப்பில் வைத்து வடிகட்டிக்கொண்டே நீந்தும். அதாவது எண்ணெய் எங்கே மிதக்குமோ அங்கேதான் அதன் சாப்பாடும் இருக்கிறது. பகலில் பெரும்பாலும் மேயாது. ஆள் அண்டாத திறந்த நீரில் கூட்டமாகத் தூங்கும். வெளிச்சம் மங்கியதும் எழுந்து வேறிடம் போய் மேய்ந்துவிட்டு, விடியும்போது திரும்பும். மேற்கொண்டு படிக்கும்போது இந்த ஒரு பத்தியை மறக்காதீர்கள்.

அந்த வருடம் மழை விட்டதும் வெள்ளத்தோடு எண்ணெயும் எண்ணூர் உப்பங்கழிக்கு வந்தது. எந்தக் குழாய், எந்த ஆலையின் மதில் என்று எழுதப்போவதில்லை. அதற்கான ஆட்கள் வேறு அறைகளில் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் போனபோது எண்ணூர்க் கழியின் இரண்டு கரையிலும் அலையாத்திச் செடிகள் இடுப்பளவு கறுத்து நின்றன. படகுகளைக் கரையில் ஏற்றிவிட்டிருந்தார்கள். நெட்டுக்குப்பத்தில் வலை பின்னும் கொட்டகையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். அங்கே அட்டைப்பெட்டிகளையும் வெப்ப விளக்குகளையும் வைத்துக்கொண்டோம்.

கொட்டகை எல்லப்பனுடையது. நாற்பது வயது இருக்கும். தொழில் நின்றுபோனதால் தன் ஃபைபர் படகில் எங்களை ஏற்றிக்கொண்டு சுற்றினார். முதல் நாளே இரண்டு கூழைக்கடாக்களைப் பிடித்துக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "மீனு புடிக்கிற ஊர்ல பறவ புடிச்சுகினு கீறோம். நாளைக்கு இன்னா புடிக்கணும்னு சொல்லு, அதையும் புடிக்கிறேன்" என்றார்.

அவருடைய மனைவி தேசம்மாவுக்கு எங்களைப் பிடிக்கவில்லை. எங்களுக்கு டீ வைத்துக் கொடுத்ததும் அவர்தான். கொடுக்கும்போதே கேட்டார்.

"வாத்துக்கு டாக்டரு வந்துகிறாரு, லைட்டு வந்துகிது, போர்வ வந்துகிது. இந்த ஆளு காலெல்லாம் புண்ணு. இதுக்கு யாரு வந்தாங்கக்கா?"

எங்கள் மருத்துவர் எல்லப்பனின் காலைப் பார்த்துவிட்டு, தான் மனிதருக்கு மருந்து எழுத முடியாது என்று தயங்கினார். பிறகு கழுவிக் கட்டுப்போட்டு, திருவொற்றியூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார். இதையும் ஏன் எழுதுகிறேன் என்றால், உங்களிடமும் இந்தக் கேள்வியைக் கேட்பார்கள். பதில் தேடாதீர்கள். கேட்டவர் சொல்வது உண்மை.

இப்போது அந்தப் பகலுக்கு வருகிறேன்.

கழியின் வடக்கே ஒரு கிளை பிரிந்து உள்ளே போகிறது. ஊரில் அதற்கு வடக்குக் கை என்று பெயர். வாய் குறுகல், உள்ளே அகலம். நீலச்சிறகிகள் பல வருடங்களாகப் பகலில் தூங்கும் இடம் அது. வாயில் இருந்த மணல்திட்டு தடுத்ததால் எண்ணெய் அதுவரை உள்ளே போகவில்லை. காலையில் எல்லப்பன் படகை ஓரமாக நிறுத்தினார். உள்ளே சில நூறு வாத்துகள், தலையை முதுகில் செருகிக்கொண்டு, ஒரே திசை பார்த்து மிதந்தன. சுற்றிலும் அத்தனை நாற்றம். அங்கே மட்டும் தண்ணீருக்குத் தண்ணீரின் நிறம் இருந்தது.

ஆனால் அன்று மதியத்துக்கு மேல் கடல் ஓதம் மற்ற நாட்களைவிட உயரமாக ஏறும். ஏறினால் மணல்திட்டு மூழ்கி எண்ணெய் உள்ளே புகுந்துவிடும்.

சுத்தம் செய்யும் வேலைக்குப் பொறுப்பாக வந்திருந்த அதிகாரி இளைஞர், மரியாதையானவர், மூன்று நாளாகத் தூங்காதவர். அவரிடம் ஒரு வழி தயாராக இருந்தது. பட்டாசு வெடித்து வாத்துகளைக் கிளப்பிவிடுவது. வெளிநாடுகளில் அப்படிச் செய்கிறார்கள் என்று அவர் சொன்னது உண்மைதான். ஒரு அட்டைப்பெட்டி நிறைய வெடி வாங்கி வைத்திருந்தார்.

"நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா போதும் மேடம். பத்து நிமிஷத்துல கிளப்பிடலாம்."

கிளம்பி எங்கே போய் இறங்கும் என்று கேட்டேன். அவர் கைப்பேசியில் வரைபடத்தைக் காட்டினார். சுற்றிலும் மூன்று நீலத் திட்டுகள் இருந்தன. இரண்டு மணி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டேன். எல்லப்பனின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து மூன்றையும் பார்க்கப் போனேன்.

முதல் நீலத் திட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. மண் அடித்து மேடாக்கி நாளாகியிருந்தது. ஒரு டிரைவர் வண்டி நிழலில் ஸ்டவ் வைத்து முட்டை பொரித்துக்கொண்டிருந்தார். எல்லப்பன் அவரிடம் போய், "நைனா, இங்க ஒரு ஏரி இருந்துச்சே, பார்த்தியா?" என்று கேட்டார்.

"நான் வரசொல்லவே இங்க இல்லியேப்பா. வண்டிக்குக் கீய குனிஞ்சு பாரு" என்றார் டிரைவர், முட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சிரித்துக்கொண்டேதான் அங்கிருந்து கிளம்பினோம். இரண்டாவது இடத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அது அனல்மின் நிலையத்துச் சாம்பல் கரைசல் தேங்கிய குட்டை. சிமென்ட் தரை போல வழவழப்பாக, ஒரு புழு பூச்சி இல்லாமல் கிடந்தது. மூன்றாவது, பாலத்துக்கு அருகே கழி வளையும் மூலை. நீர்தான். ஆனால் மிதக்கும் எண்ணெயை மிதவைத் தடுப்பு போட்டு ஒதுக்கிச் சேர்த்திருந்ததே அந்த மூலையில்தான். காற்றில் கழி முழுக்க அலையடித்தபோது அந்த மூலை மட்டும் அசையாமல் கிடந்தது. எண்ணெய் படர்ந்த நீரில் சிற்றலை எழாது. வானத்திலிருந்து பார்க்கும் வாத்துக்கு அதைவிட நல்ல தூங்குமிடம் கண்ணில் படாது. வெடி வைத்தால் அவை நேராக அங்கேதான் போய் இறங்கும்.

மணலிக்கு அப்பால் ஒரு பெரிய ஏரி இருக்கிறது. அங்கே எண்ணெய் இல்லை. ஆனால் வெள்ளம் வந்த ஏரியில் மீன் ஏறியிருந்ததால் பகல் முழுக்க ஊரே தூண்டிலும் வலையுமாக அதன் கரையை மொய்த்து நின்றது. பகலில் நீலச்சிறகி அந்தப் பக்கமே போகாது.

திரும்பி வந்து அதிகாரியிடம் வேண்டாம் என்றேன். காரணங்களைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அப்படியானால் வாயை அடைக்க மிதவைத் தடுப்பு வேண்டும், அது கையிருப்பில் இல்லை என்றார். இருந்ததில் பாதி பாலத்து மூலையில் கிடந்தது. மீதி, தொழிற்சாலை ஒன்று இயந்திரங்களைக் குளிர்விக்க நீர் எடுக்கும் வாய்க்காலைக் காத்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. யாருக்கு இருக்கிறது என்று கேட்டேன். தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வெகு நேரம் பேசினார். வந்தபோது அவர் முகமே பதில் சொல்லிவிட்டது.

அப்போதுதான் எல்லப்பன் தன் வலைகளைப் பற்றிச் சொன்னார். எண்ணெயில் ஊறிக் கெட்டுப்போன வலைகள் கொட்டகைக்குப் பின்னால் குவிந்து கிடந்தன. இரண்டு வலைக்கு நடுவே வைக்கோலைத் திணித்துத் தைத்து, தெர்மாகோல் கட்டி மிதக்கவிட்டால் மேலே வரும் எண்ணெயை வைக்கோல் பிடித்துக்கொள்ளும் என்றார். சொன்னாரே தவிர எழுந்திருக்கவில்லை. அந்த வலைகளை மண்ணெண்ணெயில் அலசி எப்படியாவது மீட்டுவிடலாம் என்று நினைத்திருந்தார். தண்ணீரில் வெட்டிப் போட்டால் அந்த நினைப்பும் போய்விடும்.

தேசம்மா டீ டம்ளர்களை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "அத்த வச்சுகினு இன்னா பண்ணப்போற, மாலை போட்டு சொவுத்துல மாட்டப்போறியா? நமக்குத்தான் யாரும் வரல. அதுங்களுக்காச்சும் நாம போவோம். எய்ந்திரு."

திருவொற்றியூரில் மாடு வைத்திருப்பவர்களிடமிருந்து இரண்டு மினி லாரியில் வைக்கோல் வந்தது. மீன்பெட்டிகளை உடைத்துத் தெர்மாகோல் எடுத்தார்கள். குப்பத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தைத்தார்கள். அதிகாரியும் சட்டைக் கையை மடித்துவிட்டு வைக்கோல் திணித்தார். ஓதம் ஏறத் தொடங்கும்போது வாயின் குறுக்கே இரட்டை வரிசையாகக் கட்டி முடித்தோம். யாரும் சத்தம் போடவில்லை, உள்ளே தூங்குபவை கலைந்துவிடக் கூடாது என்று. படகைத் துடுப்பால்கூடத் தள்ளாமல் ஆட்களே நீரில் இறங்கி இழுத்தார்கள்.

எண்ணெய் வந்தது. வலையில் மோதி நின்றது. வைக்கோல் மஞ்சளிலிருந்து பழுப்பாகி, கறுத்தது. கறுத்ததை எடுத்துவிட்டுப் புதிதாகத் திணித்தோம். உள்ளே ஒரு சொட்டு போகவில்லை. வாத்துகள் தூங்கிக்கொண்டிருந்தன. என் பணிக்காலத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்த பிற்பகல்கள் மிகக் குறைவு. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

மாலையில் அவை மேயக் கிளம்பும் என்று எல்லோருக்கும் தெரியும். எங்கே போகும் என்பதும் தெரியும். வருடா வருடம் மேற்கே, அந்த ஏரிப் பக்கம்தான் போகும். பொழுது சாய்ந்தால் மீன் பிடிக்கிற கூட்டமும் கலைந்துவிடும்.

"ஏரி ரொம்பி வயியுது. கல்யாண சாப்பாடு அதுங்களுக்கு. கவலய வுடுக்கா" என்றார் எல்லப்பன்.

அதிகாரி தலையாட்டினார். எங்கள் மருத்துவரும் தலையாட்டினார். நானும்தான். வெளிச்சம் மங்கியது. வாத்துகள் ஒன்றிரண்டாகத் தலையைத் தூக்கின, கழுத்தை நீட்டின, பிறகு ஒரே வீச்சில் எழுந்தன. எங்கள் தலைக்கு மேல் ஒருமுறை சுற்றி மேற்கே போயின. குப்பத்துப் பெண்கள் கை தட்டினார்கள்.

ஏரி நிரம்பி வழிந்தது. அதுதான் விஷயம். சில வருடங்களுக்கு முன் அதைத் தூர்வாரி, சுற்றிலும் கல் பதித்து, நடைபாதை போட்டிருந்தார்கள். மழை குறைந்த வருடங்களில் நடுவில் சேறும் கோரையுமாக ஒரு திட்டு தெரியும். வாத்துகள் அங்கேதான் மேயும். அந்த வருடம் விளிம்புவரை தண்ணீர். பிறகு ஒரு நாள் போய் மூங்கில் கழியை விட்டுப் பார்த்தேன். கரையோரத்திலேயே என் இடுப்புக்கு மேல் இருந்தது. நீலச்சிறகியின் கழுத்து ஒரு சாண். சுத்தமான நீர் அத்தனை இருந்தும் அதில் அவற்றுக்கு ஒரு வாய் சோறு கிடையாது. தண்ணீர் அதிகமானால் வாத்துக்கு நல்லது என்று நாங்கள் அத்தனை பேரும், முக்குளிக்காத வாத்து என்று வாயால் சொல்லிக்கொண்டே, மனதுக்குள் நம்பிக்கொண்டிருந்தோம்.

ஆழம் குறைந்த இடம் அந்த வட்டாரத்தில் வேறு எங்கே இருந்தது? அலையாத்திகளுக்கு அடியில், ஓதம் வற்றும்போது வெளியே தெரியும் சேற்றுவெளி. முழுக்க எண்ணெய் குடித்த சேறு.

விடியற்காலையில் எல்லப்பன்தான் முதலில் பார்த்தார். வடக்குக் கையின் நீர் நாங்கள் விட்டுப்போனபடியே இருந்தது. வலை அறுபடவில்லை. உள்ளே எண்ணெய் இல்லை. வாத்தும் இல்லை. அவை கரையில் உட்கார்ந்திருந்தன.

பகலில் நீலச்சிறகி கரையில் அப்படி ஒண்டி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இறகில் எண்ணெய் பட்டால் நீர் உள்ளே புகுந்துவிடும். உடம்பு நனையும், குளிரும், மிதக்க முடியாது. அதனால் கரையேறும். அந்தச் சுத்தமான நீரைச் சுற்றி, முழுக் கரையிலும், கறுப்புக் கட்டிகளாக அவை குந்தியிருந்தன. சில அலகால் இறகைக் கோதிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு கோதலிலும் கொஞ்சம் எண்ணெய் வயிற்றுக்குள் போகும். நாங்கள் கிட்டப் போனபோது பறக்கவில்லை. சில நடந்து நீருக்குள் இறங்கப் பார்த்தன. இறங்கிய இடத்தில் எல்லாம் வானவில் நிறத்தில் ஒரு வளையம் விரிந்தது. அந்த நீரில் படிந்த முதல் எண்ணெய் அதுதான். வாத்துகளே கொண்டுவந்தது.

"தூங்குற எடத்தக் காத்துகினு இருந்துட்டோம்க்கா. துன்ற எடத்த வுட்டுட்டோம்" என்றார் எல்லப்பன். குறை சொல்லும் குரல் இல்லை அது. பார்த்ததைச் சொன்னார்.

அதற்குப் பின் நடந்தவை கையேட்டில் இருப்பவைதான். பிடித்தோம், சூடேற்றினோம், குழாய் வழியே திரவ உணவு கொடுத்தோம். தெம்பு வராத பறவையைக் கழுவக் கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பாக இருந்தோம். கேமராக்கள் வந்தபோது, ஒன்றையாவது கழுவிக் காட்டச் சொன்னார்கள். மறுத்தோம். கழுவியிருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. பெரும்பாலானவை பெட்டியிலேயே இறந்தன. தேசம்மா தினமும் காலையில் பெட்டிகளைத் திறந்து பார்த்து, எது போச்சு எது இருக்கிறது என்று பிரித்துவைப்பார். முன்புபோல எதுவும் கேட்பதில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

பிழைத்த சிலவற்றை வடக்கே கொண்டுபோய் விட்டோம். பறந்தன. அதற்கு மேல் எனக்குத் தெரியாது. அறிக்கையில் அந்தச் சிலவற்றைத்தான் முதல் வரியில் எழுதினார்கள்.

கிளம்பும் அன்று அந்த இளம் அதிகாரி என்னிடம் தனியாகக் கேட்டார்.

"பட்டாசு வெடிச்சிருந்தா பிழைச்சிருக்குமா மேடம்?"

இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். யாரும் கேட்காவிட்டால் நீங்களே கேட்டுக்கொள்வீர்கள். நான் அவருக்குச் சொன்ன பதில் இது: வெடித்திருந்தால் மதியத்துக்குள் பாலத்து மூலையில் இறங்கி அங்கேயே முடிந்திருக்கும். நாம் எடுத்த முடிவு அவற்றுக்கு ஒரு பகல் தூக்கத்தைக் கொடுத்தது. அவ்வளவுதான் கொடுத்தது.

அவர் அதில் ஆறுதல் தேடினார். நான் ஆறுதலாகச் சொல்லவில்லை. எதைச் செய்திருந்தாலும் அவை செத்திருக்கும் என்று ஆவதற்கு, நாம் போய்ச் சேருவதற்குப் பல வருடம் முன்பே பலர் பல இடங்களில் முடிவெடுத்திருக்கிறார்கள். ஒருவர் மண் அடித்தார், ஒருவர் சாம்பல் கொட்டினார், ஒருவர் நல்ல எண்ணத்தோடு ஏரிக்குக் கல் பதித்தார். கடைசியில் வருபவர்கள் நாம். நம் கையில் ஒரு வலையும் ஒரு பகலும்தான் இருக்கும். அதை வைத்து நன்றாக யோசியுங்கள். ஒரு பறவைக்கு ஓர் இடம் என்பது ஓர் இடம் மட்டும் அல்ல, தூங்க ஒன்று, தின்ன ஒன்று என்பதை நினைவில் வைத்துக்கொண்டு யோசியுங்கள். சரியாகவே யோசித்தாலும் காலையில் அவை கரையில் உட்கார்ந்திருக்கலாம். அதைத் தாங்க முடியாது என்றால் இந்த வேலை வேண்டாம். தாங்கப் பழகிவிட்டால் அப்போதும் வேண்டாம். என் முட்டிவலியைக் காரணம் காட்டி நான் முன்கூட்டியே ஓய்வு வாங்கினேன். முட்டி இன்றும் நன்றாகத்தான் இருக்கிறது.

அடுத்த மழைக்காலம் எல்லப்பன் தொலைபேசியில் கூப்பிட்டார். வந்துவிட்டன என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். ராயபுரத்திலிருந்து ரயில் பிடித்துப் போனேன். அப்போது நான் பணியில் இல்லை.

வடக்குக் கையின் ஒரு பாதியில் மண் அடித்திருந்தார்கள். லாரிகள் வந்துகொண்டிருந்தன. மீதிப் பாதியில், முன்பைவிடக் குறைவாக, ஆனால் அதே மாதிரி தலையை முதுகில் செருகிக்கொண்டு, அவை மிதந்தன. கரைச் சேற்றில் கால் வைத்தேன். அழுத்திய இடத்தில் வானவில் நிறம் கசிந்தது. மழை அந்த வருடமும் நன்றாகப் பெய்திருந்தது. ஏரி நிரம்பியிருக்கிறதா என்று நான் கேட்கவில்லை.

வெளிச்சம் மங்கும்வரை இருவரும் படகில் உட்கார்ந்திருந்தோம். படகில் புது வலையை மடித்து வைத்திருந்தார். இன்னும் ஒருமுறைகூடக் கடலில் நனையாத வலை. அவர் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வலை கீதுக்கா. தேசம்மாவும் சரின்னுட்டா. இந்த தபா எங்க கட்டணும்னு மட்டும் சொல்லு."

வாத்துகள் தலையைத் தூக்கின. கழுத்தை நீட்டின. நான் பதில் சொல்வதற்குள் எழுந்துவிட்டன.

அதற்கான பதில் உங்களில் யாருக்காவது தெரிந்தால், எனக்கு எழுத வேண்டாம். நெட்டுக்குப்பத்தில் வலைக்கொட்டகை எது என்று யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். நேராக அவரிடம் போய்ச் சொல்லுங்கள்.